பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுக்கு: இரண்டு முறை சீல் மாற்றியும் நிற்கவில்லை

பாலாடா லோடு:

வணக்கம். நீலகிரியில் கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றும் வண்டி என்னுடையது. 2007 மாடல், ஆறு சக்கரம், பவர் ஸ்டியரிங். எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்து ஓட்டியது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், வண்டியைக் குறை சொல்ல வரவில்லை, இந்த வயதில் நமக்கே மூட்டில் எண்ணெய் நிற்பதில்லை.

பிரச்சினை இதுதான். ஸ்டியரிங் பாக்ஸுக்குக் கீழே, சக்கரத்தைத் திருப்பும் டிராப் ஆர்ம் என்ற கை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து ஆயில் சொட்டுகிறது. கார்த்திகையில் ஆரம்பித்தது. ஷெட்டில் காட்டினேன், டிராப் ஆர்ம் சீல் (ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்று கழற்றிப் புதுசு போட்டார்கள். பத்து நாள் கூட ஆகவில்லை, மறுபடி அதே இடம். சீல் மட்டம் என்று சொல்லி மார்கழியில் வேறு சீல் வாங்கி மாற்றினோம். இப்போது தை பிறந்து மூன்று நாள், இன்று காலை வண்டிக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் தோசை அகலத்துக்குக் கறை. இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை லிட்டர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கவனித்தேன், உதவுமா தெரியவில்லை. காலையில் வண்டி எடுக்கும்போதுதான் ஒழுக்கு அதிகம். பர்லியார் தாண்டி கீழே இறங்கி வெயிலில் நின்றால் கிட்டத்தட்ட நின்றே விடுகிறது. ஷெட்டில் இப்போது பாக்ஸையே மாற்று என்கிறார்கள். பழைய பாக்ஸ் விலை கேட்டாலே ஒரு மாத லோடு வாடகை போய்விடும் போலிருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

தலைக்குந்தா பனி:

ஒழுக்கு நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, ஆயில் டப்பாவில் ஊற்றிப் பாருங்க அண்ணா. என் ஜீப்புக்குப் போன வருஷம் ஊற்றினேன், இதுவரைக்கும் சொட்டு இல்லை. மூடியைத் திறந்தோம் ஊற்றினோம் முடிந்தது, எதற்கு பாக்ஸ் எல்லாம்.

மரப்பாலம் மெக்கானிக்:

பாக்ஸ் பேச்சையும் மருந்துப் பேச்சையும் இப்போதைக்கு விடுங்க தம்பி. ஆயில் எங்கே சொட்டுகிறது என்று சொல்லிவிட்டீர்கள், எங்கே ஒழுகுகிறது என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் தகரக் கூரையில் ஆணி ஓட்டை ஒரு இடத்தில் இருக்கும், நாம் வாளி வைப்பது வேறு மூலையில். அதே கதைதான். டிராப் ஆர்ம்தான் பாக்ஸிலேயே தாழ்ந்த இடம். மேலே எங்கே கசிந்தாலும் பாக்ஸ் உடம்பு வழியே இறங்கி அங்கே வந்துதான் சொட்டும். இரண்டு சீல் மாற்றியும் நிற்கவில்லை என்றால் சீல் மட்டமா என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த சீல்தானா என்று யோசிக்க வேண்டும்.

மேலிருந்து கீழாக வாங்க. ஆயில் டப்பா மூடி, டப்பா அடியில் விரிசல். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ஹோஸ். பம்பிலிருந்து பாக்ஸுக்கு வரும் பிரஷர் ஹோஸ், அதன் முனையில் உள்ள செம்பு வாஷர்கள். பாக்ஸிலிருந்து டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ், அதன் கிளாம்ப். பாக்ஸ் உச்சியில், ஸ்டியரிங் ராடு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது, அதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள், மேலே ரப்பர் தூசி மூடி இருப்பதால் கண்ணில் படாது. கடைசியில்தான் டிராப் ஆர்ம் சீல்.

டீசலும் பிரஷ்ஷும் வைத்து பாக்ஸ் முழுக்கக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிடுங்க. தூசி மூடியையும் மேலே தூக்கிவிட்டுத் துடைங்க. அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரை எல்லா இடத்திலும் தூவிவிடுங்க. எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளீனரை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்க. வெள்ளையில் ஈரக் கோடு எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். ஒருவேளை உடனே தெரியாது, ஒரு ட்ரிப் போய் வந்து பாருங்க.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது பிரஷர் ஹோஸை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. லாக்கில், அதாவது ஸ்டியரிங் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பி முட்டும் இடத்தில், பிடிக்கும்போது லாரி ஸ்டியரிங்கில் அழுத்தம் நூறு பாருக்கு மேல் ஏறும், கார் டயரில் இருக்கும் காற்றே இரண்டு பார் சொச்சம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்க. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து அந்த வேகத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க.

குன்னூர் ரிட்டயர்டு:

மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன். பவர் இல்லாத காலத்தில் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் தொங்க வேண்டும், ஒரு ட்ரிப் முடிந்தால் தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கும். பவர் வந்ததும் பையன்கள் ஒரு கெட்ட பழக்கம் பழகிவிட்டார்கள். வளைவில் மேலே ஏறும் வண்டிக்கு வழி விட்டு நிற்கிறோம் அல்லவா, அப்போது ஸ்டியரிங்கை முழு லாக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். பம்ப் ஊளையிடும், காதில் விழாது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

லாக்கில் ஐந்தாறு விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஆயிலுக்குப் போக வழியில்லாமல் முழு பிரஷரும் அங்கேயே நின்று சூடாகும், ஹோஸும் சீலும் வெந்துவிடும். ஒரு விரல் அளவு திருப்பிவிட்டால் போதும், சத்தம் அடங்கிவிடும். அதே மாதிரி நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கை முறுக்காமல், கொஞ்சம் உருளவிட்டுத் திருப்புங்க. கேட்டது ஒழுக்கு பற்றி, நான் சொல்வது வேறு என்று நினைக்க வேண்டாம், பாதி ஒழுக்கு ஓட்டுகிறவன் கையில் ஆரம்பிக்கிறது.

மண்டி ரோடு லேத்:

தலைக்குந்தா தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த மருந்து செய்வது ரப்பரை ஊதவைத்து மெதுவாக்குவதுதான். வயசாகிக் காய்ந்து இறுகிப்போன சீல் லேசாகக் கசிந்தால் சில மாதம் பிடிக்கும், உங்கள் ஜீப்பில் அதுதான் நடந்தது. உதடு (ஷாஃப்டைத் தொடும் விளிம்பு) கிழிந்த சீல், குழி விழுந்த ஷாஃப்ட், தளர்ந்த கிளாம்ப், இதற்கெல்லாம் மருந்து கிடையாது. நல்லாயிருக்கும் மற்ற சீல்களையும் சேர்த்து ஊதவைக்கும் என்பதால் பாக்ஸைப் பிரிக்க வந்த வண்டியில் அது ஊற்றியிருந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இதைவிட மோசம் பிரேக் ஆயில். அவசரத்துக்கு என்று அதை ஊற்றி வந்த இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன். பிரேக் ஆயில் வேறு இனம், ஸ்டியரிங் சீல் ரப்பர் அதற்குத் தாங்காது, கொழகொழவென்று ஆகிவிடும். வழியில் ஆயில் தீர்ந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஊற்றாமலே மெதுவாக ஓரம் கட்டுங்க. பவர் போனாலும் ஸ்டியரிங் திரும்பும், கல்லாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் லோடோடு காட் ரோடு இறங்காதீர்கள், பம்பும் ஆயில் இல்லாமல் சுற்றினால் உள்ளே தேய்ந்துபோகும்.

பாலாடா லோடு:

மெக்கானிக் அண்ணா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திக் கழுவினேன். வருஷக் கணக்கான சேறும் ஆயிலும் கேக் மாதிரி பிடித்திருந்தது, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பவுடர் பாப்பாவுடையது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஐடிலில் விட்டுத் திருப்பினோம், ஒன்றும் தெரியவில்லை. சரி என்று திங்கள்கிழமை லோடு போய் வந்து பார்த்தால் டிராப் ஆர்ம் சீலைச் சுற்றி அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது, சீல் வட்டத்துக்குள் பவுடர் அப்படியே வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. ஈரக் கோடு பாக்ஸின் பக்கவாட்டில் மேலே ஏறுகிறது. ஏறி ஏறிப் போய் ராடு நுழையும் இடத்தில் முடிகிறது. அந்தத் தூசி மூடியை விரலால் தூக்கினேன், உள்ளே டீஸ்பூன் அளவுக்கு ஆயில் தேங்கி நிற்கிறது அண்ணா. மூடி விளிம்பில் நிரம்பி வழிந்து கீழே வந்திருக்கிறது.

இரண்டு முறை டிராப் ஆர்ம் கழற்றிய கூலியை நினைத்தால் வயிறு எரிகிறது.

மண்டி ரோடு லேத்:

கூலி போனது போகட்டும், நல்ல சீல் இரண்டு கழற்றிப் போட்டிருக்கிறீர்களே என்றுதான் எனக்கு எரிகிறது.

மேல் சீல் மாற்றுவது டிராப் ஆர்ம் கழற்றுவதைவிடச் சின்ன வேலை. ஸ்டியரிங் ராடின் ஜாயிண்டைப் பிரிப்பதற்கு முன் சக்கரத்தை நேராக வைத்து, ஜாயிண்டிலும் ஷாஃப்டிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு அடையாளம் வையுங்க, இல்லையென்றால் மாட்டியதும் ஸ்டியரிங் வீல் கோணலாக உட்காரும். தூசி மூடியை எடுங்க, அடியில் சர்க்ளிப் (சீலைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் வளையம்) இருக்கும், அதை எடுத்தால் சீல். குத்தி எடுக்கும்போது ஷாஃப்டில் கீறல் விழுந்தால் புது சீல் வீண்.

பழைய சீலின் முதுகில் அளவு அச்சடித்திருக்கும், மூன்று எண், உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்க, கண் மதிப்பில் வாங்க வேண்டாம். அப்புறம் ஷாஃப்டைத் துடைத்துவிட்டு நகத்தால் நெடுக்காக இழுத்துப் பாருங்க. சீல் உதடு உட்காரும் இடத்தில் நகம் தட்டினால் குழி விழுந்திருக்கிறது. லேசான குழி என்றால் புது சீலை ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்காரவைக்க இடம் இருக்கிறதா பாருங்க, உதடு வேறு இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆழமான குழி என்றால் ஷாஃப்டை எடுத்து வாங்க, பார்க்கலாம். மாட்டும்போது ஷாஃப்ட் பல் மேல் மெல்லிய டேப் சுற்றி, உதட்டில் அதே ஆயில் தடவி இறக்குங்க. பல் கிழித்த சீல்தான் என்னிடம் அதிகம் வருகிறது.

கூடலூர் மழை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் இதே மாதிரிதான். பச்சைத் தேயிலை ஏற்றும் என் வண்டியில் ஸ்டியரிங் ஆயில் குறைகிறது, ஆனால் வெளியே எங்குமே ஈரம் இல்லை. அட்டை போட்டும் பார்த்துவிட்டேன், ஒரு சொட்டு இல்லை. மாதம் ஒரு லிட்டர் காணாமல் போகிறது. எங்கே போகும்?

மரப்பாலம் மெக்கானிக்:

கூடலூர்க்காரரே, பம்ப் பெல்ட்டில் ஓடுகிறதா, எஞ்சின் கியரில் ஓடுகிறதா? கியர் என்றால் எஞ்சின் ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்க. அளவு ஏறியிருந்தால் பம்ப் ஷாஃப்ட் சீல் போய்விட்டது, ஸ்டியரிங் ஆயில் எஞ்சினுக்குள் இறங்குகிறது. சில சமயம் தலைகீழாக எஞ்சின் ஆயில் டப்பாவுக்கு வரும், சிவப்பு கருப்பாகும். வெளியே ஒழுகவில்லையே என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், எஞ்சின் ஆயில் நீர்த்துப் போனால் செலவு வேறு கணக்கில் வரும். பம்பைக் கழற்றி சீல் கிட் போடுங்க, எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிடுங்க.

கூடலூர் மழை:

கியர் பம்புதான். கம்பியில் மேல் கோட்டுக்கு மேலே அரை இன்ச் ஏறியிருக்கிறது. எஞ்சின் ஆயிலே குடிக்காத வண்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றி அண்ணா.

பாலாடா லோடு:

புதன்கிழமை மேல் சீல் மாற்றினோம். நானும் கூடவே நின்றேன், டேப் சுற்றித்தான் இறக்கினார்கள், ஷாஃப்டில் நகம் தட்டவில்லை. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது, சந்தோஷமாகப் படுத்தேன்.

வியாழன் காலை நாலரை மணி. இங்கே நல்ல உறைபனி, தோட்டத்தில் புல்லெல்லாம் உப்பு கொட்டிய மாதிரி. வண்டியை ஸ்டார்ட் செய்து முற்றத்திலிருந்து ரோட்டுக்குத் திருப்பினேன், அவ்வளவுதான், காலடியில் சர்ரென்று ஒரு சத்தம். இறங்கி டார்ச் அடித்தால் மேலிருந்து ஆயில் கொட்டுகிறது. பழையபடி கசியவில்லை, கொட்டுகிறது. தூசி மூடி கழன்று ராடில் தொங்குகிறது. சீலைப் பார்த்தால் சர்க்ளிப்பில் முட்டிக்கொண்டு, உதடு வெளிப்பக்கம் புரண்டு நிற்கிறது. புது சீல், ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை. லோடு பக்கத்து வீட்டு வண்டியில் மாற்றி அனுப்பினேன். இப்போது ஷெட்டில் பார்த்தீர்களா பாக்ஸ்தான் போச்சு என்கிறார்கள்.

மரப்பாலம் மெக்கானிக்:

இப்போதுதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. பாக்ஸை மாற்றாதீர்கள், மாற்றினால் புது பாக்ஸிலும் இதே சீல் இதே மாதிரி தள்ளும்.

மேல் சீலுக்குப் பின்னால் இருப்பது பம்பின் முழு பிரஷர் அல்ல, ரிட்டர்ன். வேலை முடித்த ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் வழி. அங்கே பெரிய அழுத்தம் இருக்கக் கூடாது, அதனால்தான் சின்ன சீலே போதும் என்று விட்டிருக்கிறார்கள். அந்த வழி அடைத்தால் என்ன ஆகும்? மண்டி வாசலில் நாலு லாரி குறுக்கே நின்றால் கல்லாறு வரைக்கும் வண்டி தேங்குகிற மாதிரி, பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆயில் போக வழியில்லை, இருப்பதிலேயே பலவீனமான கதவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உங்கள் பாக்ஸில் அந்தக் கதவு மேல் சீல். இன்னொன்று சொல்கிறேன், சில பாக்ஸில் இந்த சீலை எடுப்பதற்கே சர்க்ளிப்பைக் கழற்றிவிட்டு ரிட்டர்ன் வழியை வேண்டுமென்றே அடைத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டுவார்கள், ஆயிலே சீலை வெளியே தள்ளிவிடும். நாங்கள் தெரிந்து செய்வதை உங்கள் வண்டி தினமும் காலையில் தானாகச் செய்துகொண்டிருக்கிறது.

காலையில் அதிகம், கீழே இறங்கினால் குறைவு என்று முதல் நாளே சொன்னீர்கள், நான்தான் அதை அப்போது பிடிக்காமல் விட்டேன். குளிரில் ஆயில் கெட்டி, குறுகின வழியில் போகத் தயங்கும், பின்னழுத்தம் ஏறும். மேட்டுப்பாளையம் வெயிலில் ஆயில் இளகிவிடும், அதே வழியில் போய்விடும். சரி, மூன்று கேள்வி. என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்? டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது? ரிட்டர்ன் ஹோஸ் எப்படி இருக்கிறது?

பாலாடா லோடு:

முதலில் ஏடிஎஃப், அதாவது பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயில், ஊற்றினேன். ஒழுக ஆரம்பித்ததும் தினமும் அதற்குக் கட்டுப்படியாகவில்லை, தெரிந்தவர் ஒருவர் ஜேசிபிக்கு வாங்கி வைத்திருந்த 68 ஹைட்ராலிக் ஆயில் கேனில் கொடுத்தார், அதைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். டப்பாவுக்குள் ஃபில்டர் இருப்பதே இப்போதுதான் தெரியும். ரிட்டர்ன் ஹோஸ் நல்லாத்தான் இருக்கிறது, விரிசல் இல்லை, கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறது.

மண்டி ரோடு லேத்:

68 என்பது 40 டிகிரி சூட்டில் அந்த ஆயிலின் கெட்டித்தன்மைக்கு வைத்த எண். ஏடிஎஃப் அதே சூட்டில் ஏறக்குறைய அதில் பாதிதான் இருக்கும். உங்கள் ஊர் உறைபனியில் அந்த 68 தேன் மாதிரி நிற்கும். ஒழுக்குக்குப் பயந்து மலிவான ஆயில் ஊற்றினீர்கள், அந்த ஆயில் ஒழுக்கைப் பெரிதாக்கியது. தினமும் ஊற்றி ஊற்றி டப்பாவில் இப்போது பாதிக்கு மேல் அதுதான் இருக்கும்.

கெத்தை 43:

ரிட்டர்ன் ஹோஸ் விரிசல் இல்லை என்பது வெளியே. உள்ளே பார்த்தீர்களா? அது என்ன ஹோஸ்? மேலே துணி பின்னல் மாதிரி வரி தெரிகிறதா, இல்லை வழவழவென்று கருப்பாக இருக்கிறதா? கழற்றி வாயால் ஊதிப் பாருங்க, நான் சிரிக்கவில்லை, ஊதிப் பாருங்க. நான் மஞ்சூரிலிருந்து காரமடைக்குக் கெத்தை வழியாக ஓட்டுகிறவன், 43 கொண்டை ஊசி, ஸ்டியரிங் விஷயத்தில் நான் படாத பாடு இல்லை. எங்கள் தோட்ட டிராக்டரில் ஒரு முறை இதேதான், காரணம் பார்த்தால் யாரோ ஹோஸ் மாற்றியிருந்தார்கள்.

பாலாடா லோடு:

கழற்றினேன். ஊதினேன். கன்னம் வலிக்க ஊதியும் புஸ் என்று கொஞ்சம் காற்றுதான் அந்தப் பக்கம் போகிறது.

பிளேடால் நெடுக்காகக் கிழித்தேன். வெளியே பார்க்க நல்ல ஹோஸ். உள்ளே சுவர் ஊறிப்போன ரொட்டி மாதிரி உப்பியிருக்கிறது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக எழும்புகிறது, கருப்பு மை மாதிரி கையில் ஒட்டுகிறது. பெருவிரல் நுழைய வேண்டிய ஓட்டையில் பென்சில் கூட நுழையாது. ஒரு முனையில் உள் தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது, அது ஆயில் போகும் பக்கமாக மடங்கி வழியை மூடிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஹோஸை மாட்டியது நான்தான். போன வருஷம் ஆடியில் காட்டேரி ஊர்ப் பக்கம் பழைய ரிட்டர்ன் ஹோஸ் உடைந்துவிட்டது, நல்ல மழை, முழு லோடு, மண்டி ஏலத்துக்கு நேரம் ஆகிவிட்டது. கிளீனர் பெட்டியில் கிடந்த ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் துண்டை வெட்டி மாட்டினேன், பொருந்திவிட்டது, போய்ச் சேர்ந்ததும் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஒழுகவில்லை, அதனால் மறந்தும்போனேன். இரண்டு மாதமாக இந்தச் சீலையும் அந்தச் சீலையும் ஷெட்காரர்களையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

கெத்தை 43:

அதுதான். ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் தண்ணீருக்கும் சூட்டுக்கும் தாங்கும், ஆயிலில் ஊறினால் உப்பிவிடும். வெளியே ஒன்றுமே காட்டாது. டிராக்டரிலும் இதே ரொட்டிதான் வந்தது.

குன்னூர் ரிட்டயர்டு:

காட்டேரியில் மழையில் நின்று லோடைக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் அல்லவா, அதில் வெட்கம் எதற்கு. நான் ஒரு முறை பெட்ரோல் பைப்புக்கு சோப்பைத் தேய்த்து கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஜீப்பை இறக்கியிருக்கிறேன். வழியில் செய்வது வழிக்குத்தான், ஊர் போனதும் எடுத்துவிட வேண்டும், இல்லை ஒரு துணியாவது கட்டிவையுங்க, பார்க்கும்போதெல்லாம் நினைவு வரும்.

மரப்பாலம் மெக்கானிக்:

இனி வேலை சுலபம். ஆயில் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்க, ஆயிலுக்குத் தாங்கும் ரப்பர், துணிப் பின்னல் உள்ளது. அளவு பழைய ஹோஸைப் பார்த்து அல்ல, பைப் மூக்கைப் பார்த்து. பிரஷர் பக்கம் ஹோஸ் எப்போதாவது போனால் கிளாம்ப் போட்டு ஒட்டுப்போடும் வேலையே வேண்டாம், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஜேசிபி ஹோஸ் அழுத்தித் தரும் கடையில் கொடுத்து முனை அழுத்தி வாங்க வேண்டும். செம்பு வாஷர் கழற்றினால் புதுசு போடுங்க. புதுசு கிடைக்காத நேரத்தில் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மெதுவாகும், நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

டப்பா ஃபில்டரை மாற்றுங்க, அந்தக் கருப்பு மை முழுக்க அதில்தான் போய் அடைத்திருக்கும். அது அடைத்தாலும் இதே பின்னழுத்தம்தான். பாக்ஸிலும் பழைய 68 நிறைய இருக்கும். ரிட்டர்ன் ஹோஸ் முனையை ஒரு கேனில் விட்டு, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, எஞ்சின் ஆஃபில் ஸ்டியரிங்கை லாக் டு லாக் திருப்பிக்கொண்டே இருந்தால் பழையது வெளியேறும், மேலே ஏடிஎஃப் ஊற்றிக்கொண்டே வாங்க. ஜாக் போடும்போது நம் ஊரில் சமதளம் கிடைக்காது, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை அண்டக் கொடுத்துவிட்டு, முன்னால் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கீழே போங்க. வெறும் ஜாக்கை நம்பிப் படுக்காதீர்கள்.

சிவப்பாக வர ஆரம்பித்ததும் ஹோஸை மாட்டி, எஞ்சின் ஆஃபிலேயே இன்னும் பதினைந்து இருபது முறை மெதுவாகத் திருப்புங்க, டப்பா காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐடிலில் திருப்புங்க, லாக்கில் அழுத்த வேண்டாம். டப்பாவில் நுரை வந்தால் காற்று இருக்கிறது, நிறுத்தி அரை மணி விட்டு மறுபடி. எத்தனை முறை செய்தும் நுரை நிற்கவில்லை, பம்ப் ஊளையிடுகிறது என்றால் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்பைப் பாருங்க, அந்த ஹோஸ் உறிஞ்சும் பக்கம், ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும்.

கழித்த ஆயிலை ஓடையில் விடாதீர்கள். கேத்தி ஓடைத் தண்ணீரில்தான் கேரட் கழுவுகிறோம். கேனில் பிடித்துக் கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்க.

கெத்தை 43:

கூடவே ஆக்சிலில் இருக்கும் ஸ்டாப்பர் போல்டையும் பார்த்துவிடுங்க. சில பாக்ஸில் லாக் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிரஷரை இறக்கிவிடும் வால்வு உள்ளே இருக்கும். யாராவது டயர் உரசுகிறது என்று ஸ்டாப்பரை வெளியே திருகியிருந்தால் வால்வு திறப்பதற்கு முன்னாலேயே சக்கரம் முட்டி நின்றுவிடும், ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பம்ப் முழு பிரஷரில் முக்கும். ரிட்டயர்டு ஐயா சொன்ன ஊளை அதுதான். போல்டைத் தொட்டால் பாக்ஸ் வால்வையும் சரிசெய்ய வேண்டும், அதனால் கைவைக்காதவர் கைவைக்க வேண்டாம், பார்க்க மட்டும் பாருங்க.

தலைக்குந்தா பனி:

நான் மருந்து ஊற்று என்று சொன்னதை யாராவது அழிக்க முடியுமா?

மண்டி ரோடு லேத்:

இருக்கட்டும் தம்பி, அடுத்தவர் படிக்கட்டும்.

பாலாடா லோடு:

எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, வேண்டுமென்றேதான் காத்திருந்தேன். சனிக்கிழமை முழு நாளும் இதே வேலை. மேல் சீல் புதுசு, ஆயில் ஹோஸ் இரண்டு அடி, ஃபில்டர், ஏடிஎஃப். ஃபில்டரை எடுத்தபோது காகிதம் தெரியவில்லை, கரி பூசின மாதிரி இருந்தது. கேனில் வந்த பழைய ஆயில் சிவப்பும் இல்லை மஞ்சளும் இல்லை, கருப்பட்டிக் காபி நிறம். நுரை அடங்க மூன்று முறை நிறுத்தி நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்தது. ஸ்டாப்பர் போல்ட் பெயிண்ட் கூட உரியாமல் அப்படியே இருக்கிறது, தொடவில்லை.

நடுவில் நாலு நாள் நல்ல உறைபனி. தினமும் நாலரைக்கு ஸ்டார்ட் செய்து, இறங்கி, டார்ச் அடித்து, தூசி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. டப்பாவில் சாக்பீஸால் போட்ட கோட்டுக்கு ஆயில் ஒரு நூல் இறங்கவில்லை. காலையில் முற்றத்தில் திருப்பும்போது ஒரு முனகல் இருந்ததே, வண்டி வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் இல்லை. ஸ்டியரிங் கூட லேசாகிவிட்டது, பர்லியார் வளைவில் இரண்டு நாள் அதிகமாகத் திருப்பிவிட்டேன்.

கிளீனர் பெட்டியில் மிச்சமிருந்த ரேடியேட்டர் ஹோஸ் துண்டில் மார்க்கரால் தண்ணீருக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். பவுடர் டப்பா விஷயம் வீட்டில் தெரிந்துவிட்டது.